கூரியரில் பார்சல் போடுமுன்

வெளியூருக்குக் கூரியரில் சரக்கு அனுப்பினால், தராசு காட்டும் எடைக்குத்தான் கட்டணம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அப்படியல்ல. பெட்டி அடைக்கும் இடத்துக்கும் கணக்கு உண்டு. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, பெரும்பாலும் 5000-ஆல் வகுப்பார்கள். வருவது கிலோ. அதுவா, தராசு எடையா, எது அதிகமோ அதற்கே கட்டணம்.

8 கிலோ அப்பளத்தை 60, 50, 40 செ.மீ. பெட்டியில் போட்டால் 24 கிலோவுக்குப் பணம் கட்ட வேண்டும். 50, 40, 30 பெட்டியில் அடங்கினால் 12 கிலோதான்.

ஆகவே, நம் கடையிலேயே எடை போட்டு, பெட்டியை அளந்து, சீட்டில் குறித்துக்கொண்டு போவோம். எந்த எண்ணால் வகுக்கிறார்கள், பேக்கிங்குக்குத் தனிக் கட்டணமா என்று முன்பே கேட்போம். ரசீதில் உள்ள எடையைச் சரிபார்த்த பிறகே பணம் கொடுப்போம். கிலோவுக்குச் சில ரூபாய் லாபம் பார்க்கும் நாம், அதைக் காலி இடத்துக்குக் கொடுத்துவிடக் கூடாது.