கடல்மேல் ஒரு வானிலை நிலையம்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

சேர்வராயன் மலையில் பிறந்து வளர்ந்தவனுக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும் என்று நண்பர்கள் நகைக்கலாம். ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கும் காலமும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வருபவை. கார்த்திகை மாதத்தில் கொட்டை களத்தில் காயும்போது வங்கக் கடலில் ஒரு தாழ்வு மண்டலம் உருவானால், ஓராண்டு உழைப்பு ஓரிரவில் நனைந்து போகும். ஆகவே புயல் செய்தி வந்தால் எங்கள் வீட்டில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். கரையே தெரியாத நடுக்கடலில் காற்றையும் அழுத்தத்தையும் அளந்து சொல்பவர் யார் என்ற ஐயம் எனக்குச் சிறு வயதிலேயே உண்டு.

அளந்து சொல்பவர்களில் மூத்தவர்கள், அவ்வழியே செல்லும் சரக்குக் கப்பல்களின் அதிகாரிகள். இதற்காக அவர்களுக்குத் தனி ஊதியம் கிடையாது.

தோற்றம்

கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன், புயலில் சிக்கி மீண்ட கப்பல்களின் குறிப்பேடுகளைத் திரட்டி ஆராய்ந்தார். புயற்காற்று சுழன்று வீசுவதைக் கண்டு, 'சைக்ளோன்' என்ற சொல்லை 1848-இல் உலகுக்குத் தந்தவர் அவரே. 1853-இல் அமெரிக்கக் கடற்படை அதிகாரி மாத்யூ மோரியின் முயற்சியால் பத்து நாடுகள் பிரஸ்ஸல்ஸ் நகரில் கூடி, எல்லாக் கப்பல்களும் ஒரே முறையில் வானிலையைக் குறிக்க வழி வகுத்தன. நம் நாட்டில் 1875-இல் தோன்றிய இந்திய வானிலை ஆய்வுத் துறை, தன்னார்வக் கப்பல்களின் அணி ஒன்றைப் பேணி வருகிறது.

நடைபெறும் முறை

இந்திய நேரப்படி காலை 5.30, முற்பகல் 11.30, மாலை 5.30, இரவு 11.30 ஆகிய நான்கு வேளைகளில் உலகெங்கும் ஒரே நேரத்தில் அளவு எடுக்கப்படுகிறது. கப்பல் இருக்கும் இடம், காற்றின் திசை, வேகம், காற்றழுத்தம், வெப்பநிலை, கடல்நீரின் வெப்பம், மேகம், அலையின் உயரம் ஆகியவை எண்குறிகளாக மாற்றப்பட்டு வானிலை நிலையங்களுக்கு அனுப்பப்படுகின்றன. செய்தி அனுப்பும் செலவு கப்பலைச் சாராது. ஓடும் கப்பலில் உணரப்படும் காற்றில் கப்பலின் வேகமும் கலந்திருக்கும். அதைக் கழித்தே உண்மைக் காற்றைக் காண வேண்டும். நாம் வகுப்பில் போடும் வெக்டர் கணக்குதான் இது!

நிர்வாகத்தின் உயிர்நாடி

தன்னார்வம் என்றால் விட்டது வழி என்று பொருளன்று. மும்பை, கொல்கத்தா, சென்னை, விசாகப்பட்டினம், கொச்சி, கோவா ஆகிய இடங்களில் துறைமுக வானிலை அலுவலகங்கள் உள்ளன. கப்பல் துறைமுகத்தை அடைந்ததும் அலுவலர் மேலே ஏறிச் செல்கிறார். பாரமானியைத் தம்மிடமுள்ள திருத்தமான கருவியோடு ஒப்பிடுகிறார். நிரம்பிய குறிப்பேட்டைப் பெற்றுப் புதியதைத் தருகிறார். தவறுகளைச் சுட்டிக்காட்டி, நன்றியும் கூறி இறங்குகிறார்.

பாரமானிக்கு மட்டும் இத்தனை கவனம் ஏன்? ஏற்காட்டின் உயரம் ஏறத்தாழ 1,500 மீட்டர். கடல் மட்டத்தில் 1,010 ஹெக்டோபாஸ்கல் காட்டும் பாரமானி, இங்கே 850-ஐ ஒட்டியே காட்டும். கப்பலில் கருவி இருக்கும் தளம் நீர்மட்டத்துக்கு 30 மீட்டர் மேலே இருந்தால், 3 ஹெக்டோபாஸ்கலுக்கு மேல் குறைந்துவிடும். தொடக்க நிலைத் தாழ்வு மண்டலத்தில் அழுத்தம் குறைவதும் சில ஹெக்டோபாஸ்கல்தான். எனவே உயரத்துக்குத் திருத்தாத ஒரு பாரமானி, இல்லாத புயலைக் காட்டிவிடும். வேறு வகையில் பிழைபட்டால், இருக்கும் புயலை மறைத்தும்விடும்.

ஒரு முரண்பாடு

எச்சரிக்கை கிடைத்த கப்பல் புயலை விட்டு விலகிச் செல்கிறது. அதனால், செய்தி மிகவும் தேவைப்படும் இடத்திலேயே செய்தி சொல்ல ஆளில்லை! இக்குறையைச் செயற்கைக்கோள்களும், 1990-களின் பிற்பகுதி முதல் சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் கடலில் நிறுத்தியுள்ள மிதவைகளும் பெருமளவு போக்குகின்றன. எனினும் கடல் மட்டத்துக் காற்றழுத்தத்தைச் செயற்கைக்கோள் நேரடியாக அளப்பதில்லை. 1980-களின் நடுவில் உலகில் 7,000-க்கும் மேற்பட்ட கப்பல்கள் இப்பணியில் இருந்தன. பின்னர் எண்ணிக்கை குறைந்துவிட்டது. மிஞ்சியவற்றைச் சோர்வடையாமல் காப்பதே இன்றைய நிர்வாகத்தின் கடமை.

மலையிலிருந்து ஒரு பாடம்

என் தந்தையார் வேலை செய்யும் காப்பித் தோட்டத்தில் ஒரு மழைமானி உண்டு. காலை 8.30-க்கு நீரை அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்து எழுதுவது அவர் பொறுப்பு. மழையே இல்லாத நாளில் எதற்கு எழுத வேண்டும் என்று ஒருமுறை கேட்டேன். "பூஜ்யத்தையும் எழுதணும்டா; மழை இல்லைங்கிறதும் ஒரு சேதிதான்" என்றார். அவர் பள்ளிக்கு அதிகம் சென்றவரல்லர். அமைதியான கடலையும் நாளுக்கு நான்கு முறை குறித்து வைக்கும் கப்பல் அதிகாரியின் கொள்கையும் அதுவே.

பக்கத்துத் தோட்டமொன்றிலும் இத்தகைய பதிவேடு இருந்தது. அதைக் கேட்டுப் பார்த்த மேலாளர் மாறினார். சில மாதங்களில் பக்கங்கள் வெறுமையாயின. எழுதுபவருக்கு ஆர்வம் இருந்தது, கேட்பதற்குத்தான் ஆளில்லை. துறைமுகத்தில் கப்பலேறிச் செல்லும் அந்த அலுவலரின் அருமை எனக்கு அங்கேதான் விளங்கியது.

சிறுதுளி பெருவெள்ளம் என்பார்கள். யாரோ ஒரு மாலுமி நள்ளிரவில் எழுதிய ஓர் எண், எங்கள் களத்தில் காயும் கொட்டையைத் தார்ப்பாய் போட்டு மூடச் செய்கிறது. மாணவ நண்பர்களே, நம் கல்லூரியிலும் ஒரு மழைமானி வைத்து, முறை போட்டு நாள்தோறும் குறித்தால் என்ன? எழுத நாங்கள் இருக்கிறோம். கேட்டுப் பார்க்க ஆசிரியப் பெருமக்கள் முன்வர வேண்டும்.