கோழி விலை அரசாங்கத்திடம் உண்டு. தமிழில் சொல்லத்தான் ஆள் வேண்டும்

கோலாலம்பூர்: ஒரு கிலோ கோழி எந்தக் கடையில் என்ன விலைக்கு விற்கப்படுகிறது என்பது நம் நாட்டில் தொடர்ந்து பதிவாகி வருகிறது. உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் அதிகாரிகள் சந்தை, மளிகைக் கடை, பேரங்காடி எனப் பல இடங்களுக்கும் சென்று, நூற்றுக்கணக்கான பொருள்களின் விலையைக் குறித்து வருகிறார்கள். ‘பிரைஸ்கேட்சர்’ எனப்படும் இந்தப் பதிவு, டேட்டா.கவ்.மை எனும் அரசாங்கத் தளத்தில் யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி வைக்கப்பட்டுள்ளது.

ஆனால், சம்பளம் வாங்கிய கையோடு பட்டணத்துக்குப் போய்ச் சாமான் வாங்கும் தோட்டக் குடும்பங்களில் எத்தனை பேர் அதைப் பார்த்திருப்பார்கள்? பார்த்தாலும் லட்சக்கணக்கான வரிகள் கொண்ட அட்டவணையை வைத்து என்ன செய்வது? மென்பொருள் உருவாக்குநர்கள் தேவைப்படும் இடம் இதுதான்.

திறந்த தரவு என்றால் என்ன?

அரசாங்கம் திரட்டும் தகவல்களில் தனிநபர் விவரம் இல்லாதவற்றை, யாரும் பயன்படுத்தும் வகையில் வெளியிடுவதே திறந்த தரவு. பிரைஸ்கேட்சர் தரவுக்கு ஒரே முக்கிய நிபந்தனை, அது எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதைக் குறிப்பிட வேண்டும் என்பதே.

இதற்கு முன்மாதிரியும் உண்டு. 2021 ஜூலையில் சுகாதார அமைச்சு கோவிட்-19 தரவுகளை ‘கிட்ஹப்’ தளத்தில் வெளியிடத் தொடங்கியது. அதன்பின் அந்த எண்களைக் கொண்டு வரைபடங்களையும் விளக்கங்களையும் பொதுமக்களே உருவாக்க முடிந்தது.

மூன்று கோப்பு, ஒரு பதில்

பிரைஸ்கேட்சர் தரவு மூன்று பகுதிகளாக இருக்கும். முதலாவதில் தேதி, கடையின் குறியீட்டு எண், பொருளின் குறியீட்டு எண், விலை ஆகியவை மட்டுமே இருக்கும். இரண்டாவது கோப்பு, எந்த எண் எந்தப் பொருள், அதன் அளவு என்ன என்று சொல்லும். மூன்றாவது, எந்த எண் எந்தக் கடை, அது எந்த மாநிலம், எந்த மாவட்டம் என்று காட்டும்.

இம்மூன்றையும் இணைத்தால்தான், “எங்கள் மாவட்டத்துச் சந்தையில் கோழி கிலோ எவ்வளவு?” என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கும். நிரல் எழுதக் கற்கும் கல்லூரி மாணவர்களாலும் செய்யக்கூடிய வேலை இது.

கடினமான பகுதி அடுத்துதான் வருகிறது. பொருள்களின் பெயர்கள் மலாயில் உள்ளன. கெம்போங் மீனுக்கு அகராதியைப் பார்த்து ‘கானாங்கெளுத்தி’ என்று போட்டால், இங்குள்ள பலருக்கும் அது எந்த மீன் என்று புரியாது. வீட்டில் புழங்கும் சொல்லே திரையிலும் வர வேண்டும். தமிழ் வாசிக்கத் தெரியாதவர்களுக்குக் குரல் பதிவாகத் தரலாம். புதுச் செயலியைப் பதிவிறக்கச் சொல்வதைவிட, வாரம் ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பினாலே பல குடும்பங்களுக்குப் போதும்.

கவனம் தேவை

மிகக் குறைந்த விலையை மட்டும் காட்டுவதும் சரியாகாது. அடுத்த பட்டணத்தில் கிலோவுக்கு ஒரு வெள்ளி குறைவு என்று போனால், மிச்சமாகும் பணம் மோட்டார் சைக்கிள் எண்ணெய்க்கே சரியாகிவிடும். ஆகவே தூரத்தையும், அந்த மாவட்டத்தின் வழக்கமான விலையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விலை எந்தத் தேதியில் எடுக்கப்பட்டது என்பதும் கண்ணில் படும்படி இருக்க வேண்டும்.

அதிகாரிகள் எல்லாக் கடைகளுக்கும் போவதில்லை. தோட்டத்துச் சின்னக் கடை பட்டியலில் இல்லாமல் போகலாம். “இங்கு விலை எடுக்கப்படவில்லை” என்று அப்போது வெளிப்படையாகச் சொல்வதே நேர்மை. அப்படி விடுபட்ட இடங்களைத் தொகுத்து அமைச்சின் கவனத்துக்குக் கொண்டு செல்வதும் பயனுள்ள பணிதான்.

பேருந்துக்கும் இதே வழி

அதே அரசாங்கத் தளத்தில் கேடிஎம் இரயில், ரேப்பிட் பேருந்து ஆகியவற்றின் நேர அட்டவணைகளும் ‘ஜிடிஎஃப்எஸ்’ எனும் பொது வடிவத்தில் கிடைக்கின்றன. அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரப் போக்குவரத்து நிறுவனமும் கூகுளும் 2005-இல் சேர்ந்து தொடங்கிய முயற்சியில் உருவானது அந்த வடிவம். இன்று உலகின் பல நகரங்கள் அதைப் பயன்படுத்துகின்றன. கிளினிக் முன்பதிவுக்குப் போகும் முதியவருக்கு, “எத்தனை மணி பஸ்ஸில் ஏறினால் நேரத்துக்குப் போகலாம்?” என்று தமிழில் சொல்லும் சேவையை இதைக் கொண்டு உருவாக்கலாம்.

பொதுமக்கள் ஒன்றை நினைவில் கொள்வது நல்லது. விலையோ பேருந்து நேரமோ பார்ப்பதற்கு மைகார்டு எண்ணும் தேவையில்லை, வங்கி விவரமும் தேவையில்லை. அவற்றைக் கேட்கும் செயலியை உடனே நீக்கிவிடுங்கள்.

தரவு தயாராக இருக்கிறது. எந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியவர்கள் அதைப் பயன்படுத்தப் போகும் மக்கள்தான். உங்கள் வீட்டிலோ குடியிருப்பிலோ கணினித் துறையில் படிக்கும் பிள்ளை இருந்தால், சந்தைக்குப் போகும் முன் உங்களுக்கு என்ன தெரிந்தால் உதவும் என்று இந்த வாரமே சொல்லிப் பாருங்கள்.