'புலி' யாருக்கு வந்த படம்? கத்திச்சண்டை - மந்திரவாதி கதை என்றால் ரசிகர்கள் ஏன் ரெண்டா பிரியுறாங்க?

புதுச்சேரி:-

பெரிய ஹீரோ ஒருவர் பேண்ட் சட்டையை கழற்றி வைத்துவிட்டு, இடுப்பில் வாள் கட்டி, மந்திரவாதியோடு மோத கிளம்பினால் போதும். முதல் காட்சி முடிந்து வரும் ரசிகர்கள் தியேட்டர் வாசலிலேயே ரெண்டு கோஷ்டியாக நிற்பார்கள். ஒரு கோஷ்டி "செம" என்கும். இன்னொரு கோஷ்டி "மொக்கை" என்கும். நடுவில் நிற்கிற டூ வீலர் ஸ்டாண்டு ஆளுக்குத்தான் தலைவலி.

இப்படி ரசிகர்களை கூறு போட்ட படங்களில் முதலிடம் 'புலி'க்குத்தான். விஜய் நடித்து, சிம்புதேவன் இயக்கி 2015 அக்டோபர் 1-ந் தேதி வெளியான படம். வருஷம் பத்து தாண்டியும் டீக்கடையில் அந்த பேச்சை எடுத்தால் சண்டை வரும். அது ஏன்?

விடிய விடிய காத்திருப்பு

படத்துக்கு முந்தின நாள், செப்டம்பர் 30-ந் தேதி, வருமான வரித்துறை அதிரடி சோதனையில் இறங்கியது. விஜய், சிம்புதேவன், படத்தின் தயாரிப்பாளர்கள் ஆகியோர் வீடு, அலுவலகங்களில் ரெய்டு. சினிமா வட்டாரமே ஆடிப்போனது.

இதில் ரசிகனுக்கு என்ன பாதிப்பு என்று கேட்கலாம். இருக்கிறது. பழைய காலம் போல பிலிம் பெட்டி பஸ்சில் வந்து இறங்குவது கிடையாது. படம் முன்கூட்டியே தியேட்டருக்கு வந்துவிடும். ஆனால் பூட்டு போட்டுத்தான் வரும். அதை திறக்க 'கே.டி.எம்.' என்ற ரகசிய சாவி எண் கம்ப்யூட்டர் வழியாக வரவேண்டும். தயாரிப்பாளர் பைனான்சியருக்கும் லேபுக்கும் கணக்கு தீர்த்தால்தான் சாவி வரும். பெரிய படங்களுக்கு இந்த கணக்கு பெரும்பாலும் ரிலீசுக்கு முந்தின ராத்திரிதான் முடியும். அந்த ராத்திரி பார்த்து ரெய்டு வந்தால்?

அதிகாலை காட்சிகள் ரத்தாயின. கட்-அவுட்டுக்கு பால் குடம், மாலை, மேளம் என்று விடிய விடிய நின்ற ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். பல ஊர்களில் தியேட்டர் முன்பு கூச்சல், போராட்டம். கதவு திறந்தபோது வெயில் ஏறிவிட்டது. தெலுங்கு பதிப்பு அன்று வரவே இல்லை, மறுநாள்தான் வந்தது.

தூக்கம் கெட்டு, வயிறு காய்ந்து, கோபத்தோடு உள்ளே போய் உட்கார்ந்தவனுக்கு திரையில் பேசும் பறவை வந்தது. குட்டை மனிதர்கள் வந்தார்கள். கோரைப்பல்லும் நீலக்கண்ணுமாக வேதாளங்கள் வந்தன. 'கத்தி' படத்தில் விவசாயிக்காக முழங்கிய விஜயை ஒரு வருஷம் முன்புதான் பார்த்தவன் அவன். அதே சூட்டில் வந்தவனுக்கு இது சப்பென்று போனதில் ஆச்சரியம் இல்லை.

குழந்தை படமா, ஹீரோ படமா?

கதை என்னவோ பாட்டி சொல்லும் கதைதான். மனைவியை வேதாளங்கள் தூக்கிப் போகின்றன. கணவன் வேதாளக் கோட்டைக்குள் புகுந்து மீட்கிறான். கோட்டையை ஆள்பவர் யவனராணி. அவரை பின்னால் இருந்து ஆட்டிவைப்பவன் தளபதி ஜலதரங்கன். ராணியாக ஸ்ரீதேவி, தளபதியாக கன்னட நடிகர் சுதீப். ஸ்ருதிஹாசன், ஹன்சிகா, பிரபு என்று பெரிய பட்டாளம். 2018-ல் துபாயில் காலமான ஸ்ரீதேவி நேரடியாக நடித்த கடைசி தமிழ் படம் இதுதான்.

குழந்தைகளும் குடும்பமும் பார்க்கிற மாதிரி எடுத்திருக்கிறோம் என்றுதான் படக்குழு முதலில் இருந்தே சொன்னது. சென்சாரில் 'யு' சான்றிதழும் வாங்கினார்கள். ஆனால் முதல் நாள் சீட்டில் குழந்தை இல்லையே! அதிகாலை காட்சிக்கு எந்த அப்பா பிள்ளையை தூக்கிக்கொண்டு போவார்? முழு கூட்டமும் இளவட்டம். அவனுக்கு வேண்டியது பஞ்ச் டயலாக், விசில் சீன், வில்லனுக்கு சவால். படம் ஒருவருக்கு எடுக்கப்பட்டது, தீர்ப்பு சொன்னவர் வேறொருவர். சிக்கல் மொத்தமும் இங்கேதான் இருக்கிறது.

போதாக்குறைக்கு 'பாகுபலி' முதல் பாகம் அதே வருஷம் ஜூலை 10-ந் தேதி வந்திருந்தது. சரியாக 83 நாள் கழித்து 'புலி'. அருவியும் போர்க்களமும் கண்ணில் இருந்து மறையவே இல்லை. ரசிகன் கிராபிக்சை பக்கத்தில் வைத்து பார்க்காமல் இருப்பானா? மற்ற ஹீரோ ரசிகர்களுக்கு கேலி பண்ண இலவசமாக ஒரு சான்ஸ் கிடைத்தது. விஜய் ரசிகர்களில் ஒரு பகுதி, தியேட்டருக்குள் முகம் சுளித்துவிட்டு வெளியே வந்து விட்டுக்கொடுக்காமல் பேசியதும் நடந்தது. சொந்த வீட்டு சண்டையை தெருவில் சொல்ல முடியுமா?

தாடியில் இருந்த ரகசியம்

வாள் மட்டும் இருந்தால் தமிழ் ரசிகன் தாராளமாக ஏற்றுக்கொள்கிறான். 'பாகுபலி'யில் மந்திரம் கிடையாது. 2022-ல் வந்த 'பொன்னியின் செல்வன்' படத்திலும் பூதம் பிசாசு இல்லை. இரண்டும் ஓடின. மந்திரம் கலந்தால்தான் தகராறு. மந்திரத்தை நம்ப வைக்கவேண்டும். அதற்கு ஒரு கட்டு திட்டம் வேண்டும்.

1951-ல் வந்த 'பாதாள பைரவி'யை எடுத்துக்கொள்ளுங்கள். கே.வி.ரெட்டி இயக்கத்தில் தெலுங்கிலும் தமிழிலும் வந்து சக்கைப்போடு போட்டது. என்.டி.ராமராவ் ஹீரோ. எஸ்.வி.ரங்காராவ் நேபாள மந்திரவாதி. அந்த மந்திரவாதிக்கு சக்தி எங்கே இருக்கிறது? தாடியில். தாடி போனால் சக்தி போச்சு. அவ்வளவுதான் சட்டம். முன்பெஞ்சில் உட்கார்ந்த ஆறு வயது பையனுக்கும் இது புரிந்தது. கிளைமாக்சில் தாடிக்கு ஆபத்து வரும்போது தியேட்டரே சீட் நுனிக்கு வந்தது.

விட்டலாச்சார்யா அதைவிட சிக்கனம். அவருடைய 'ஜெகன்மோகினி' 1978-ல் வந்தது. அடுப்பில் விறகுக்கு பதிலாக காலை நீட்டி எரிக்கிற பேயை பார்த்தவர்கள் இன்றைக்கும் மறக்கவில்லை. செலவு என்று பார்த்தால் இப்போதைய ஒரு கிராபிக்ஸ் சீனுக்கு கூட காணாது. ஆனால் பேய் என்ன செய்யும், எதுக்கு பயப்படும் என்று பெண்கள் கூட்டத்துக்கு தெளிவாக தெரிந்தது.

'புலி'யில் ரசிகர்கள் அதிகம் குறைப்பட்டதும் இதைத்தான். காமெடிக்கா, பயத்துக்கா, பிரமிப்புக்கா என்று தெரியாமல் வேதாளம் வந்து போகிறது என்றார்கள். ராணி உடையும் கோட்டை செட்டும் கண்ணுக்கு நிறைவாக இருந்ததை மட்டும் எதிர்த்து பேசியவர்களும் மறுக்கவில்லை.

கருவடிக்குப்பத்தில் தூங்கும் வாத்தியார்

ராஜா ராணி கதைக்கு கைதட்டுவது புதுவைக்கு புதுசும் இல்லை. தமிழ் நாடக தலைமை ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1922-ல் கண் மூடியது இந்த ஊரில்தான். கருவடிக்குப்பத்தில் அவர் சமாதி இருக்கிறது. 'பவளக்கொடி', 'வள்ளி திருமணம்' எல்லாம் அவர் கைவண்ணம். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட் என்று பிரித்து நடித்த நாடகக் கம்பெனிகளில் வளர்ந்த பையன்கள்தான் பிற்காலத்தில் சினிமாவில் வாள் பிடித்தார்கள். எம்.ஜி.ஆரும் சிறுவயதில் மதுரை பாய்ஸ் கம்பெனியில் இருந்து வந்தவர்தான். புதுவை அரசு வருஷா வருஷம் சிறந்த தமிழ் படத்துக்கு தரும் விருதும் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில்தான்.

எம்.ஜி.ஆர்.-நம்பியார் வாள் சண்டைக்கு விசில் அடித்த தலைமுறை இன்றும் முத்தியால்பேட்டையிலும் வில்லியனூரிலும் இருக்கிறது. பேரனோடு உட்கார்ந்து டி.வி.யில் மாயாஜால படம் பார்த்துவிட்டு, "அந்த காலத்து கத்தியில சத்தம் வரும்டா" என்று பெருமூச்சு விடுகிற தாத்தாக்கள் அவர்கள்.

மூணு நாள் கணக்கு

அந்த காலத்து படத்துக்கு இருந்த வசதி ஒன்று இப்போது இல்லை. அது அவகாசம். டவுன் தியேட்டரில் ஓடி, பிறகு கிராமத்து டூரிங் டாக்கீசுக்கு போய், வாய் வழியாக பேர் பரவும். இப்போது வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் செல்போனில் தீர்ப்பு எழுதியாகி விடுகிறது. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அழைத்துப்போக காசு சேர்த்து வைத்திருக்கும் கொத்தனார், சித்தாள் குடும்பம் அதற்குள் "படம் நல்லா இல்லையாம்" என்று பீச்சுக்கு போய்விடும். மாயாஜால படத்துக்கு உண்மையான ஆடியன்ஸ் இவர்கள்தான். இவர்கள் கணக்கில் வருவதற்குள் காட்சி குறைந்துவிடும்.

அவகாசம் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு செல்வராகவனின் 'ஆயிரத்தில் ஒருவன்' சாட்சி. 2010 ஜனவரி 14-ந் தேதி, பொங்கலுக்கு வந்தது. கார்த்தி, ரீமாசென், ஆண்ட்ரியா, சோழ மன்னனாக பார்த்திபன். வந்தபோது "என்னப்பா குழப்புது" என்று எழுந்து போனவர்கள் ஏராளம். அதே படத்தை இப்போது தலையில் வைத்து கொண்டாடுகிறார்கள். 2020 டிசம்பர் 31-ல் மறுபடி ரிலீஸ் செய்தபோது கூட்டம் வந்தது. இரண்டாம் பாகம் எப்போ என்று இயக்குனரை கேட்டு துளைக்கிறார்கள். அன்று எழுந்து போனவர்களும் அதில் உண்டு!

அதே பேரில் எம்.ஜி.ஆர். நடித்த 1965 கடல்கொள்ளை படத்தை 2014-ல் புதுப்பித்து வெளியிட்டபோது சென்னையில் 100 நாளை தாண்டி ஓடியது. வாளுக்கு வயசாகவில்லை.

'கங்குவா' சத்தம்

கடைசியாக இந்த வம்பில் மாட்டியது சூர்யாவின் 'கங்குவா'. சிறுத்தை சிவா இயக்கம். 2024 நவம்பர் 14-ந் தேதி வந்தது. கதையில் பாதி ஆயிரம் வருஷத்துக்கு முந்தின தீவுக் கூட்டங்கள் மோதல். இங்கே மந்திரம் பிரச்சினை ஆகவில்லை, சத்தம்தான் பிரச்சினை ஆனது. காது கிழிகிறது என்று ரசிகர்கள் புலம்ப, ஆஸ்கார் வாங்கிய ஒலி நிபுணர் ரசூல் பூக்குட்டியும் வருத்தப்பட்டார். தியேட்டர்களில் ஒலி அளவை 2 புள்ளி குறைக்க சொல்லியிருப்பதாக தயாரிப்பாளர் ஞானவேல்ராஜா அறிவித்தார். சூர்யாவின் மனைவி ஜோதிகா, முதல் அரை மணி நேரம் சரியில்லை, சத்தமும் அதிகம் என்று ஒத்துக்கொண்டே, விமர்சனங்கள் அளவு மீறி இருப்பதாக பொங்கினார்.

அதன்பிறகுதான் தியேட்டர் வளாகத்தில் யூடியூப் சேனல்கள் மைக் நீட்டுவதை தடுக்கவேண்டும் என்று தயாரிப்பாளர் சங்கம் கேட்டது. முதல் 3 நாள் விமர்சனமே கூடாது என்று ஐகோர்ட்டு வரை போனார்கள். கோர்ட்டு உடனே தடை போடவில்லை. காசு கொடுத்து பார்த்தவன் கருத்து சொல்லக்கூடாது என்றால் யார் கேட்பார்கள்? அதே நேரம், படம் பார்க்காமலே வாசலில் நின்று திட்டுகிறவனும் இருக்கிறான். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

எல்லை தாண்டும் ரசிகன்

2023 ஜனவரி 11-ந் தேதி சென்னை கோயம்பேட்டில், 'துணிவு' பட கொண்டாட்டத்தில் லாரி மேல் ஏறி ஆடிய 19 வயது வாலிபர் விழுந்து இறந்தார். அதன்பிறகு தமிழகத்தில் அதிகாலை காட்சிகளுக்கு கெடுபிடி வந்தது. சிறப்பு காட்சி என்றாலும் காலை 9 மணிக்குத்தான் என்று ஆனது.

புதுவை தனி யூனியன் பிரதேசம். தமிழக அரசு உத்தரவு இங்கே செல்லாது. காட்சி நேரத்துக்கு அனுமதி தருவது இங்குள்ள அதிகாரிகள். அதனால் பெரிய படம் வந்தால் கடலூர், விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து வாலிபர்களின் கண் முதலில் புதுவை பக்கம்தான் திரும்பும். 40 கிலோ மீட்டருக்குள் எல்லாம் அடக்கம். 1954 நவம்பர் 1-க்கு முன்பு பிரெஞ்சு எல்லையில் கஸ்டம்ஸ்காரர் மூட்டையை பிரித்து பார்ப்பார். பிறகு எல்லை தாண்டுவது எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும். இப்போது படத்துக்காகவும் வருகிறார்கள்.

ஆனால் கணக்கு போட்டு பார்த்தால் நெஞ்சு அடைக்கும். பெட்ரோல், டிக்கெட், அன்றைய கூலி மூன்றும் போகும். இருட்டில் கிழக்கு கடற்கரை சாலையில் மூன்று பேராக ஒரு பைக்கில் பறந்து வருவதில் உயிருக்கும் உத்தரவாதம் இல்லை. இப்படி வந்து பார்த்த படம் பேசும் பறவை படமாக இருந்தால் ஆத்திரம் வரத்தான் செய்யும். பறவை மேல் தப்பில்லை.

பிள்ளைகளை கூட்டிப் போகிறவர்களுக்கு

மாயாஜால படத்துக்கு குழந்தைகளோடு போகும் பெற்றோர் போஸ்டரில் கத்தியை பார்ப்பதோடு சான்றிதழையும் பார்ப்பது நல்லது. 1951-ல் எம்.ஜி.ஆரின் 'மர்மயோகி'க்கு பேய் காட்சிக்காக 'ஏ' சான்றிதழ் கொடுத்தார்கள். தமிழில் முதல் 'ஏ' படம் அதுதான். இத்தனைக்கும் அது நிஜ பேய் கூட இல்லை, வேஷம்! 2015-ல் வேதாளக் கோட்டைக்கே 'யு' கிடைத்தது. 2024-ல் இருந்து 'யு/ஏ' சான்றிதழை 7 வயது, 13 வயது, 16 வயது என்று மூன்றாக பிரித்துவிட்டார்கள். 'யு/ஏ' என்ற எழுத்துக்கு பக்கத்திலேயே வயது இருக்கும். உங்கள் பிள்ளைக்கு எது என்று கவுண்டரில் பணம் நீட்டுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளலாம்.