பழைய வண்டிக்கு கேஸ் கிட்: லிட்டர் கணக்கு வேண்டாம், கிலோமீட்டர் கணக்கு பாருங்க!

அப்பா காலத்து ஆம்னியோ, ஆசைப்பட்டு வாங்கின பெட்ரோல் அம்பாசடரோ வீட்டுல நிக்குது. பெட்ரோல் போட்டுக் கட்டுப்படியாகல. "எல்பிஜி கிட் மாட்டிடு, செலவு பாதியாயிடும்"னு ஆபீஸ்ல ஒருத்தர் சொல்றார். கையில போனஸ் பணமும் இருக்கு. மாட்டலாமா?

ஆட்டோ எல்பிஜிங்கறது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த வாயு. பெட்ரோலை விட விலை குறைவு. ஆனா ஒரு லிட்டர் பெட்ரோல்ல இருக்கற எரிசக்தியில சுமார் முக்கால் பங்குதான் ஒரு லிட்டர் எல்பிஜியில இருக்கும். அதனால மைலேஜும் குறையும். நிறைய பேர் கோட்டை விடுறது இங்கதான்.

ஒரு உதாரணம் பார்ப்போம். விலையும் மைலேஜும் கணக்குப் புரியறதுக்காக வச்சது, உங்க ஊர் ரேட்டைப் போட்டுக்கோங்க.

- பெட்ரோல்: லிட்டர் ரூ.100, மைலேஜ் 15 கி.மீ. ஒரு கி.மீ.க்கு ரூ.6.67
- எல்பிஜி: லிட்டர் ரூ.65, மைலேஜ் 12 கி.மீ. ஒரு கி.மீ.க்கு ரூ.5.42
- மிச்சம்: ஒரு கி.மீ.க்கு ரூ.1.25

பங்க்ல பார்த்தா விலை 35% கம்மி. ரோட்டுல மிச்சமாகறது 19% தான்!

கிட் மாட்ட ரூ.30,000 ஆகுதுன்னு வைங்க. 30,000-ஐ 1.25-ஆல வகுத்தா 24,000 கி.மீ. அவ்வளவு தூரம் ஓடின பிறகுதான் போட்ட பணமே திரும்பும். தினமும் போக வர 80 கி.மீ., மாசம் 25 நாள் ஓட்டறவருக்கு அது 12 மாசம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுத்து மாசம் 400 கி.மீ. ஓட்டறவருக்கு 5 வருஷம்! அதுவரைக்கும் அந்தப் பழைய இன்ஜின் தாங்குமா?

கணக்குல வராத சில விஷயங்களும் இருக்கு. பல கிட்கள்ல வண்டி பெட்ரோல்ல ஸ்டார்ட் ஆகி, இன்ஜின் சூடான பிறகுதான் கேஸுக்கு மாறும். ஆபீஸ் 3 கி.மீ.ன்னா பாதி வழி பெட்ரோல்லயே போயிடும். டிக்கியில டேங்க் இடத்தை அடைக்கும். உங்க ரூட்ல எல்பிஜி பங்க் இருக்கான்னும் முதல்ல பாருங்க.

பேப்பர் வேலையை மட்டும் விட்டுடாதீங்க. அங்கீகாரம் பெற்ற கிட்டா இருக்கணும், ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல ஆர்.சி.யில எரிபொருள் மாற்றத்தைப் பதியணும், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லணும். சொல்லாம விட்டா, விபத்து நேரத்துல க்ளெய்ம் நிராகரிக்கப்படலாம். வீட்டு சமையல் சிலிண்டரை வண்டிக்குப் பயன்படுத்தறது சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து. எல்பிஜி காத்தை விட கனமானது, கசிஞ்சா மேல போகாம தரையோட தேங்கி நிக்கும்.

ஆக, 2 வருஷத்துக்குள்ள போட்ட பணம் திரும்பும்னா தாராளமா யோசிக்கலாம். இல்லன்னா அந்த ரூ.30,000 எமர்ஜென்சி ஃபண்ட்லயே இருக்கட்டும். கிட் கடைக்குப் போறதுக்கு முன்னாடி, போன மாசம் எத்தனை கி.மீ. ஓட்டினீங்கன்னு மீட்டரைப் பார்த்து எழுதி வைங்க. அந்த ஒரு நம்பர் போதும், முடிவெடுக்க.