பழைய ரிம், பழைய டயர்: எதைப் புதுப்பிக்கலாம், எதைப் புதுப்பிக்க முடியாது?

எஸ்.யு.வி. எனப்படும் உயரமான குடும்ப வாகனம் பத்து ஆண்டுகள் ஓடிய பிறகு, உரிமையாளரின் பார்வை பெரும்பாலும் சக்கரங்களின் மீதுதான் விழுகிறது. நடைபாதைக் கல்லில் உரசிய தழும்புகள், உரிந்துபோன சாயம், ஓரங்களில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடி ஆகியவை வாகனத்தின் தோற்றத்தையே கெடுத்துவிடுகின்றன. புதிய ஸ்போர்ட் ரிம்மும் டயரும் நான்கு நான்காக வாங்குவதென்றால் ஒரு மாதச் சம்பளம் போய்விடும். ஆகவே, கிள்ளான் போன்ற இடங்களில் உள்ள ஹாஃப்கட் கடைகளையும் பழைய டயர்க் கடைகளையும் பலர் நாடுகின்றனர். டயரோடு சேர்த்து ரிம்மை வாங்கி, சாயம் அடித்து மாட்டிக்கொண்டால் வேலை முடிந்தது என்பது பலரின் எண்ணம்.

இந்த எண்ணத்தில் பாதி சரி, பாதி ஆபத்து. ரிம் என்பது உலோகம். அது வளையாமலும் விரிசல் விடாமலும் இருந்தால் இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் அதைப் புதிதுபோல் ஆக்க முடியும். டயர் என்பது ரப்பர். அது ஓடினாலும் ஓடாவிட்டாலும் வயதாகிக்கொண்டே இருக்கும். மூப்படைந்த ரப்பரைப் புதுப்பிக்க எந்தப் பட்டறையாலும் முடியாது. பழைய சக்கரம் வாங்குபவர் மனத்தில் நிறுத்த வேண்டிய முதல் பாடம் இதுவே.

எஸ்.யு.வி.க்கு ஏன் கூடுதல் கவனம்?

சாதாரணக் காரைவிட எஸ்.யு.வி. கனமானது, உயரமானது. அதன் எடை தரையிலிருந்து மேலே தூக்கி நிற்பதால், ஓடும்போது ஒரு டயர் சிதைந்தால் வாகனம் தடுமாறிக் கவிழும் வாய்ப்பும் அதிகம்.

அமெரிக்காவில் நடந்தது இதற்குச் சான்று. ஃபோர்டு எக்ஸ்புளோரர் எஸ்.யு.வி.களில் ஃபயர்ஸ்டோன் டயர்களின் மேல்பட்டை ஓடும்போதே கழன்று, வாகனங்கள் கவிழ்ந்து 270-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஏறத்தாழ 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெறும் அறிவிப்பு வெளியானது. வெப்பம் மிகுந்த தென் மாநிலங்களில்தான் இவ்விபத்துகள் அதிகம் நிகழ்ந்தன. அதே ஆண்டில் அங்கு நிறைவேறிய சட்டத்தின் விளைவாகவே, காற்றழுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் கருவி அந்நாட்டின் புதிய கார்களில் கட்டாயமானது. ஆண்டு முழுவதும் வெயில் கொளுத்தும் நம் நாட்டிலும் டயருக்கு எதிரி வெப்பமும் காற்றுக் குறைவும்தான்.

பொருந்தும் ரிம் எது?

பழைய ரிம் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அழகையல்ல, எண்களை. ரிம்மின் பின்புறத்தில் அதன் அகலம், விட்டம், உள்வாங்கல் அளவு ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும்.

முதலாவது, நட்டுத் துளைகள். ஹோண்டா சி.ஆர்.வி.யில் ஐந்து துளைகள் 114.3 மி.மீ. வட்டத்தில் அமைந்துள்ளன. டொயோட்டா ஃபார்ச்சூனரில் ஆறு துளைகள், 139.7 மி.மீ. வட்டம். ஒன்றின் ரிம் மற்றதில் ஏறாது.

இரண்டாவது, நடுத் துளை. ஹோண்டாவுக்கு இது 64.1 மி.மீ. நடுத் துளை சிறியதாக இருந்தால் ரிம் உட்காராது. பெரியதாக இருந்தால் இடைவெளியை நிரப்ப வளையம் போட வேண்டும். இல்லையேல் வேகத்தில் ஸ்டீயரிங் ஆடும்.

மூன்றாவது, 'இடி' என்ற எழுத்துகளோடு வரும் உள்வாங்கல் அளவு. இந்த எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே தள்ளும். மட்காட்டைத் தாண்டிச் சக்கரம் நீட்டிக்கொண்டிருப்பது மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் குற்றமாகும். எண் மிக அதிகமானால் சக்கரம் உள்ளே போய் அப்சார்பரில் உரசும்.

நான்காவது, நட்டின் அடிப்பாகம். இதைத்தான் பெரும்பாலோர் மறந்துவிடுகின்றனர். ஹோண்டாவின் அசல் ரிம்களில் நட்டு அமரும் குழி உருண்டை வடிவம். வெளிக் கம்பெனிகளின் ரிம்களில் பெரும்பாலும் கூம்பு வடிவம். உருண்டைக் குழியில் கூம்பு நட்டைப் போட்டால் முறுக்கும்போது இறுகியது போலத் தெரியும். உண்மையில் மெல்லிய ஒரு விளிம்பில்தான் தொட்டுக்கொண்டிருக்கும். ஓடஓட அது தளர்ந்துவிடும். ரிம் வாங்கும்போதே அதற்குரிய நட்டையும் சேர்த்து வாங்குவது நல்லது.

ஜப்பானியத் தர முத்திரையான 'ஜே.டபிள்யூ.எல்.' என்ற எழுத்துகளும் பின்புறத்தில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஃபார்ச்சூனர் போன்ற லோரிச் சட்டம் கொண்ட கனமான வாகனங்களுக்கு 'ஜே.டபிள்யூ.எல்.-டி' என்ற, லோரிகளுக்குரிய முத்திரை உள்ள ரிம்மே ஏற்றது.

ரிம் பொருந்தினால் டயரும் பொருந்துமா?

பொருந்தாது. 2008-ஆம் ஆண்டு அறிமுகமான ஹோண்டா அக்கார்ட் 2.4 காரின் 17 அங்குல ரிம்மை எடுத்துக்கொள்வோம். துளை வட்டமும் நடுத் துளையும் அதே காலத்துச் சி.ஆர்.வி.யோடு ஒத்துப்போவதால், டயரோடு அப்படியே மாட்டிவிடலாம் என்று கடைக்காரர் சொல்லக்கூடும். ஆனால் டயரைப் பாருங்கள்.

சி.ஆர்.வி.யின் அளவு 225/65 ஆர்17. அக்கார்டின் அளவு 225/50 ஆர்17. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது எண், பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பது. கணக்கிட்டால் சி.ஆர்.வி. டயரின் மொத்த உயரம் சுமார் 724 மி.மீ., அக்கார்ட் டயரின் உயரம் சுமார் 657 மி.மீ. ஒன்பது விழுக்காட்டுக்கு மேல் குறைவு. வேகமானி 110 காட்டும்போது வாகனம் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் வேகத்தில்தான் ஓடும். கிலோமீட்டர்க் கணக்கும் தவறும்.

அதைவிட முக்கியமானது சுமை எண். சி.ஆர்.வி. அளவு டயரில் வழக்கமாக 102 என்ற எண் இருக்கும். ஒரு டயர் 850 கிலோ தாங்கும் என்பது அதன் பொருள். அக்கார்ட் அளவு டயரில் 94 என்றிருந்தால் 670 கிலோதான். ஒரு டயருக்கு 180 கிலோ குறைகிறது. குடும்பத்தோடும் பெட்டிகளோடும் பெருநாளுக்கு ஊருக்குப் போகும் வாகனத்தில் இந்தக் குறைவு விளையாட்டல்ல. ஆகவே, மாற்று டயரின் சுமை எண் அசல் எண்ணைவிடக் குறையக் கூடாது. அசல் அளவும் காற்றழுத்தமும் ஓட்டுநர் கதவோரத் தூணில் ஒட்டப்பட்டிருக்கும்.

பழைய டயரின் வயதை அறிவது எப்படி?

டயரின் பக்கச்சுவரில் 'டி.ஓ.டி.' என்ற எழுத்துகளைத் தொடர்ந்து வரும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களே அதன் பிறந்த நாள். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000-க்கு முற்பட்டது; தொடவே வேண்டாம். ஐந்து ஆண்டுகள் ஆன டயரை ஆண்டுதோறும் பரிசோதிக்க வேண்டும் என்றும், பத்து ஆண்டுகளைக் கடந்த டயரைப் பூ எவ்வளவு இருந்தாலும் மாற்றிவிட வேண்டும் என்றும் டயர் தயாரிப்பாளர்கள் அறிவுறுத்துகின்றனர்.

பூ இருந்தால் போதாதா என்ற கேள்விக்குப் பிரிட்டனில் நடந்த விபத்தே பதில். 2012 செப்டம்பரில் சர்ரே வட்டாரத்தில் பேருந்து ஒன்றின் முன் டயர் வெடித்து மூவர் மாண்டனர். அந்த டயரின் வயது 19 ஆண்டுகள். பலியான இளைஞர் ஒருவரின் தாயார் பல ஆண்டுகள் போராடினார். 2021 பிப்ரவரி முதல் தேதியிலிருந்து பத்து ஆண்டுகளைக் கடந்த டயர்களைப் பேருந்து, லோரிகளின் முன் அச்சில் பயன்படுத்துவது அங்கு தடை செய்யப்பட்டது.

வயதுக்கு அடுத்தது பூவின் ஆழம். டயரின் வரிப்பள்ளங்களுக்குள் குறுக்கே சிறு மேடுகள் உண்டு. அவற்றின் உயரம் 1.6 மி.மீ. பூ தேய்ந்து அந்த மேட்டைத் தொட்டுவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. மழையில் தண்ணீரை ஒதுக்கித் தள்ள 3 மி.மீ. ஆழமாவது இருப்பது நல்லது.

தேய்ந்த டயரில் சூட்டுக் கத்தியால் புதிதாகப் பள்ளம் வெட்டி விற்பவர்களும் உண்டு. கார் டயரில் அப்படி வெட்டினால் உள்ளிருக்கும் இழைகளை மூடியிருக்கும் ரப்பர் மெலிந்துவிடும். பள்ளத்தின் அடியில் அந்தச் சிறு மேடுகளே காணாமல் போயிருந்தால், வெட்டப்பட்ட டயர் என்று சந்தேகிக்கலாம். டயரை ரிம்மிலிருந்து கழற்றி உட்புறத்தையும் பார்க்க வேண்டும். பக்கச்சுவரில் ஒட்டு, வீக்கம், வெடிப்பு, உள்ளே ரப்பர்த் தூள் இவற்றில் ஒன்று இருந்தாலும் விட்டுவிடுவதே மேல்.

நான்கு சக்கரங்களும் இழுக்கும் வாகனங்களில் நான்கு டயர்களும் ஒரே அளவிலும் ஏறக்குறைய ஒரே தேய்மானத்திலும் இருக்க வேண்டும். சிறியதும் பெரியதுமாகக் கலந்து போட்டால் விசையைப் பிரிக்கும் பாகங்கள் ஓயாமல் உரசிச் சூடேறிக் கெட்டுவிடும்.

ரிம்மைப் புதுப்பிக்கும் முறை

சாயம் அடிப்பதற்கு முன்பே ரிம்மைச் சோதித்துவிட வேண்டும். சாயம் எல்லாவற்றையும் மறைத்துவிடும் என்பதால், புதிதாகச் சாயம் அடித்து விற்கப்படும் ரிம்மைவிட அழுக்கோடு கிடக்கும் ரிம்மே நம்பத் தகுந்தது. குழியில் விழுந்த அடி பெரும்பாலும் ரிம்மின் உள் விளிம்பில்தான் தெரியும். பாலன்சிங் இயந்திரத்தில் சுற்றவிட்டால் கோணல் வெளிப்படும். கரத்திலோ உட்சுவரிலோ விரிசல் இருந்தாலும், வெல்டிங் தழும்பு இருந்தாலும் அந்த ரிம் பழைய இரும்புக் கடைக்குத்தான் போக வேண்டும். வெளி விளிம்பில் உள்ள உரசலை மட்டும் தயக்கமின்றிச் சரிசெய்யலாம்.

முதலில் ரிம்மைக் கழுவி, பிரேக் தூளையும் எண்ணெய்ப் பிசுக்கையும் நீக்க வேண்டும். உரசிய இடத்தை 120 எண் உப்புத்தாளில் தொடங்கி 240, 400 என்று படிப்படியாகத் தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். பள்ளம் இருந்தால் அலுமினியப் பட்டி வைத்து மீண்டும் தேய்த்துச் சமமாக்கலாம். டயர் அமரும் விளிம்பில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அதைச் சுரண்டி வழவழப்பாக்குவது முக்கியம். காற்று மெல்ல மெல்ல இறங்குவதற்கு அதுவே பல வேளைகளில் காரணம்.

பின்னர் பிரைமர், நிறச் சாயம், மேலே கிளியர் என்று மூன்று அடுக்குகள். ஒவ்வொன்றையும் கனமாக ஒரே முறை அடிக்காமல், மெல்லியதாக இரண்டு மூன்று முறை அடிக்க வேண்டும். மழை பெய்யும் மாலையில் அடித்தால் காற்றின் ஈரம் பட்டுச் சாயம் வெளுத்துவிடும். வெயில் ஏறிய காலை நேரமே உகந்தது. கடினமாக்கி கலந்த கிளியர் சாயத்தின் புகை நுரையீரலைப் பாதித்து ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. அதை வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் அடிக்காமல் சாயப் பட்டறையில் கொடுப்பதே நல்லது.

ரிம் வாகனத்தின் தட்டோடு ஒட்டும் பின்முகத்திலும், நட்டு அமரும் குழிகளிலும் சாயம் படவே கூடாது. அங்கு சாயம் படிந்தால், நட்டை முறுக்கும்போது இறுக்கமாகத் தோன்றும். ஓடும்போது சூட்டிலும் அழுத்தத்திலும் சாயம் நசுங்கி, நட்டு தானாகத் தளரும். டேப் ஒட்டி மறைத்த பிறகே அடிக்க வேண்டும்.

பவுடர் சாயம் நீடித்து உழைக்கும். ஆனால் அதைச் சுமார் 180 முதல் 200 டிகிரி செல்சியசில் சுட வேண்டும். வார்ப்பு அலுமினிய ரிம்கள் தொழிற்சாலையில் வெப்பப் பதம் செய்யப்பட்டே வலிமை பெறுகின்றன. அளவுக்கு மீறிய சூடு அந்தப் பதத்தைக் குலைத்துவிடும். அடுப்பின் வெப்பத்தையும் நேரத்தையும் அளந்து செய்யும் பட்டறையைத் தேர்ந்தெடுப்பது அவசியம்.

மாட்டிய பிறகு

நட்டுகளை வட்டமாக இறுக்காமல் நட்சத்திர வடிவில் எதிரெதிராக இறுக்க வேண்டும். சி.ஆர்.வி.க்கு 108 நியூட்டன் மீட்டர் என்பது கணக்கு. காற்றுத் துப்பாக்கியால் மட்டும் முறுக்கி அனுப்பும் பட்டறையில், அளவுச் சாவியால் ஒருமுறை சரிபார்க்கச் சொல்வதில் தவறில்லை. 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு மீண்டும் ஒருமுறை சோதிக்க வேண்டும்.

கையில் உள்ள பணம் குறைவாக இருந்தால் அதைப் பிரிக்கும் முறையும் எளிது. ரிம்மைப் பழையதாக வாங்கிச் சாயம் அடித்து மிச்சப்படுத்தலாம். அப்படி மிச்சப்பட்ட பணத்தை டயருக்குப் போட வேண்டும். 110 கிலோமீட்டர் வேகத்தில், கனத்த மழையில், ஏழு பேரைச் சுமந்துகொண்டு போகும் ஒரு வாகனம் சாலையைத் தொடுவது நான்கு உள்ளங்கை அளவு ரப்பரில்தான். ரிம்மின் பளபளப்பைப் பக்கத்து வீட்டார் பார்ப்பார்கள். டயரின் தரத்தை நம்பித்தான் வீட்டுப் பிள்ளைகள் பின்னிருக்கையில் உறங்குகிறார்கள்.