ஓ.கே. சீட்டும் உடையவரும்

பென்னலூரில் என் ரூமில் ஆறு பேர். பாய் மூன்று. கவலையில்லை, ஷிஃப்ட்டும் மூன்றாச்சே! ஒருத்தன் எழுந்த சூடு ஆறுவதற்குள் இன்னொருத்தன் வந்து படுத்துவிடுவான்.

இந்த ரூமில் கடவுளைப் பற்றிப் பேச்சு வருமா என்றால், வரும். மாசக் கடைசியில் தினமும் வரும்!

பாகங்களைக் கேஜ் வைத்து அளந்து 'ஓ.கே.' சீட்டு ஒட்டுவது என் வேலை. போன மாதம் ஒரு ராத்திரி ஷிஃப்ட். வாசலில் லாரி உறுமுகிறது. "எல்லாம் சரியாத்தான் இருக்கும், ஒட்டி அனுப்புப்பா" என்றார் சூப்பர்வைசர். நானோ காண்ட்ராக்ட். 2014-ல் நோக்கியா ஆலை மூடியபோது பெட்டியைக் கட்டியவர்களின் கதையை டீக்கடையில் கேட்டுக் கேட்டு மிரண்டவன். ஒட்டிவிட்டேன். அளக்காமலே, இருநூறு பிரேக் பிராக்கெட்!

அதற்கப்புறம் ரோட்டில் எவனாவது பைக்கில் பிரேக் அடித்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். தூக்கம் போச்சு.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீபெரும்புதூர் ஆதிகேசவப் பெருமாள் கோயிலுக்குப் போனேன். 1017-ல் ராமானுஜர் பிறந்த ஊர். வழக்கமாக 'வேலை பர்மனென்ட் ஆகணும்' என்று வேண்டிக்கொள்வேன். அன்றைக்கு வாய் வரவில்லை.

பக்கத்தில் ஒரு பெரியவர் பேரனுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். பதினெட்டு தடவை நடையாய் நடந்து, திருக்கோஷ்டியூர் நம்பியிடம் ராமானுஜர் மந்திர உபதேசம் வாங்கின கதை. வெளியே சொன்னால் நரகம் என்று எச்சரித்தும், கோயில் மேலே ஏறி ஊருக்கே சொல்லிவிட்டார்.

"அப்புறம் நரகத்துக்குப் போனாரா தாத்தா?"

"எங்கடா போறது? குருவே கட்டிப் பிடிச்சுக்கிட்டு 'எம்பெருமானார்'னு பேர் வெச்சுட்டாரே!"

எனக்குச் சுருக்கென்றது. முன்பின் தெரியாத ஜனங்களுக்காக நரகத்துக்கே தயாரானவர் அவர். ஒரு திட்டுக்குப் பயந்து, முன்பின் தெரியாத இருநூறு பேர் உயிரோடு விளையாடியவன் நான். இந்த லட்சணத்தில் நெற்றியில் விபூதி வேறு!

திங்கட்கிழமை மேனேஜரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். நல்லவேளை, சரக்கு வாங்கியவர்களின் குடோனிலேயே இருந்தது. திரும்பி வந்தது. அளந்தோம். ஏழு தேறவில்லை.

என்னை யாரும் கட்டிப் பிடிக்கவில்லை ஸார். சூப்பர்வைசர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அடுத்த மாதம் காண்ட்ராக்ட் முடிகிறது, புதுப்பிப்பார்களா, தெரியாது. அந்த ஏழும் சிவப்புப் பெட்டியில் கிடப்பதைத் தினமும் பார்த்துவிட்டுத்தான் ரூமுக்கு வருகிறேன்.

பாய் காலியானதும் படுக்கிறேன். தூக்கம் வருகிறது.