எல்லைக்கு முந்திய பஸ்

பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் நாகர்கோவில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் நம்மவர் பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. களியக்காவிளை எல்லையைவிட இந்தப் பஸ்ஸுக்கு வயது அதிகம்!

1938 பிப்ரவரி 20-ஆம் தேதி திருவிதாங்கூர் மகாராஜா சித்திரைத் திருநாள் அரசு பஸ் போக்குவரத்தைத் தொடங்கி வைத்தார். லண்டன் போக்குவரத்து வாரியத்தில் பணியாற்றிய சால்ட்டர் என்ற ஆங்கிலேயர் அதன் சூப்பிரண்டு. இங்கிலாந்திலிருந்து கோமர் சேஸிகளைத் தருவித்து, இங்கேயே பாடி கட்டினார்கள். கண்டக்டர் வேலைக்குப் பட்டதாரிகளை எடுத்தார்கள். திருவனந்தபுரம்–நாகர்கோவில்–கன்னியாகுமரி சாலையில் முதல் வண்டிகள் ஓடின. கட்டணம் மைலுக்கு அரைச் சக்கரம்.

1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழகத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. சாலை ஒன்று, நிர்வாகம் இரண்டு என்றாயிற்று. கேரளத்தில் 1965-இல் போக்குவரத்துக் கழகம் அமைந்தது. நாகர்கோவிலில் 1983-இல் நேசமணி போக்குவரத்துக் கழகம் உண்டாகி, பின்னர் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் சேர்ந்தது. 1979-இல் ரயில் வந்தது. ஆனால் ரயில் ஸ்டேஷனில்தான் நிற்கும். பஸ்ஸோ முக்குக்கு முக்கு நிற்கும்.

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கால் எல்லை தாண்டும் பஸ்கள் நின்றன. ஊரடங்கு தளர்ந்த பிறகும் கேரள வண்டிகள் எல்லையோடு திரும்பின. வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போவோர் இறங்கி நடந்து, அப்பால் வேறு வண்டி பிடித்தனர். இரண்டு டிக்கெட் எடுத்தனர். 2021 டிசம்பர் 1-ஆம் தேதிதான் நேர் பஸ் திரும்ப வந்தது.

நாள் கூலியில் பஸ் காசு போக மிச்சம் பார்ப்பவருக்கு அந்த இருபது மாதமும் பெரும் நஷ்டம். இனி எக்காரணத்தால் எல்லையை மூட நேர்ந்தாலும், இவர்களுக்கு மாற்று ஏற்பாடு செய்த பிறகே இரு அரசுகளும் பஸ்ஸை நிறுத்த வேண்டும்.